மருந்துச்சீட்டில் 'ஓ.டி.': வலது கண்ணா, தினம் ஒருவேளையா?

கேள்வி: அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். மருத்துவமனையில் கொடுத்த தாளில் நான்கு இடத்தில் 'ஓ.டி.' என்று ஆங்கில எழுத்தில் இருக்கிறது. மேலே நோயின் பெயருக்கு முன்னால் ஒன்று. சொட்டு மருந்துக்கு எதிரே '1 சொட்டு ஓ.டி. டி.டி.எஸ்.' என்று ஒன்று. ரத்த அழுத்த மாத்திரைக்கு எதிரே '5 மி.கி. ஓ.டி.'. கண்ணாடி பவர் எழுதியிருக்கும் கட்டத்தில் இன்னொன்று. போதாததற்கு, அவர் வழக்கமாகப் போடும் சர்க்கரை மாத்திரையின் அட்டையில் பெயரோடு சேர்த்தே ஓ.டி. அச்சடித்திருக்கிறது. இணையத்தில் தேடினால் அளவுக்கு மீறி மருந்து சாப்பிடுவது, வங்கிக் கடன் என்று ஏதேதோ வருகிறது. எதை எப்படி எடுத்துக்கொள்வது?

பதில்: சொட்டு விடும் வேளை காத்திருக்காது என்பதால் விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். நோயின் பெயருக்கு முன்னால் இருப்பது வலது கண். சொட்டு மருந்து வரியில் இருப்பதும் வலது கண்தான். அந்த வரி முழுவதும் சேர்ந்து 'வலது கண்ணில் ஒரு சொட்டு, தினம் மூன்று வேளை'. ரத்த அழுத்த மாத்திரைக்கு எதிரே இருப்பது 'தினம் ஒருவேளை'. கண்ணாடி கட்டத்தில் மறுபடியும் வலது கண். சர்க்கரை மாத்திரையின் பெயரில் ஒட்டியிருப்பது வேறு சங்கதி. அந்த மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ வேண்டாம், காரணம் கீழே வருகிறது.

ஒரே தாளில் ஒரே எழுத்துகள் இப்படி ஆளுக்கொரு வேலை பார்ப்பதால் தனியாக 'ஓ.டி. என்றால் என்ன' என்று தேடிப் பயனில்லை. அது எதற்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மில்லிகிராமுக்குப் பின்னால் வந்தால் எத்தனை வேளை என்ற கணக்கு. கூட்டல் கழித்தல் குறிபோட்ட எண்ணுக்கு முன்னால் வந்தால் கண். மருந்தின் பெயரோடு ஒட்டி வந்தால் மாத்திரை செய்யப்பட்ட விதம். ரூபாய், டாலர் என்று தொகைக்கு அருகே வந்தால் வங்கிக் கணக்கு.

உங்கள் தாளின் சொட்டு மருந்து வரியையே எடுத்துக்கொள்வோம். 'டி.டி.எஸ்.' என்பது 'தெர் டியே சூமெண்டம்' என்ற லத்தீன் தொடரின் சுருக்கம். நாளுக்கு மூன்று முறை எடுத்துக்கொள்ள வேண்டியது என்று பொருள். ஒரே வரியில் 'தினம் ஒருவேளை'யும் 'தினம் மூன்று வேளை'யும் சேர்ந்து நிற்க முடியாது. ஆகவே பக்கத்திலிருக்கும் ஓ.டி. வேளைக் கணக்காக இருக்க வழியில்லை, கண்ணைத்தான் குறிக்கிறது. இந்த வரி தன்னைத்தானே விளக்கிக்கொள்கிறது என்பதால் உங்களுக்குச் சிக்கல் இல்லை.

சிக்கல் வருவது '1 சொட்டு ஓ.டி.' என்று மட்டும் எழுதி நிறுத்திவிடும் சீட்டுகளில். வலது கண் என்று எடுத்துக்கொண்டால் தினம் எத்தனை முறை என்பது தெரியாது. தினம் ஒருவேளை என்று எடுத்துக்கொண்டால் எந்தக் கண் என்பது தெரியாது. எப்படிப் படித்தாலும் பாதித் தகவல் காணாமல் போகிறது. 'கண் மருத்துவர்தானே எழுதினார், கண்ணைத்தான் சொல்லியிருப்பார்' என்றும் முடிவுகட்டிவிட முடியாது. தினம் ஒரே ஒரு தடவை விட வேண்டிய கண் சொட்டுகளும் உண்டு. கண்ணுக்குள் அழுத்தம் கூடும் கிளாக்கோமா நோய்க்குத் தரும் லட்டானோபிராஸ்ட் அப்படிப்பட்டது; பெரும்பாலும் மாலையில் ஒரு சொட்டு. நல்லது என்று நினைத்து அடிக்கடி விட்டால் அழுத்தத்தைக் குறைக்கும் திறன்தான் குறையும். மாறாக, அறுவைக்குப் பிறகு தரும் ஸ்டீராய்டு சொட்டை முதல் வாரங்களில் ஒரு நாளில் பல தடவை விட்டு, பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். அதைத் தினம் ஒன்றோடு நிறுத்தினால் கண்ணில் வீக்கம் அடங்காது. தேவையில்லாத மற்றக் கண்ணிலும் விட்டுக்கொண்டிருந்தால், சிலருக்கு அந்தக் கண்ணின் அழுத்தம் ஏறும். இப்படிப்பட்ட அரைகுறை வரியை யாரும் ஊகித்துப் படிக்கக் கூடாது. மருந்துக்கடையில் நிற்பவரும் ஊகிக்கக் கூடாது. எழுதியவரைக் கேட்பது ஒன்றே வழி. '1 சொட்டு ஓ.டி. ஓ.டி.' என்று இரண்டு முறை எழுதிய சீட்டும் சில நேரம் கைக்கு வரும். வலது கண்ணில், தினம் ஒருவேளை. பார்க்க எழுத்துப்பிழை போலிருந்தாலும், தகவல் முழுமையாக இருப்பது இதில்தான்.

இரண்டும் எப்படி ஒரே எழுத்துகளாகிப் போயின? வெறும் தற்செயல். கண்ணுக்கு லத்தீனில் 'ஆக்குலஸ்', வலதுக்கு 'டெக்ஸ்டர்'. ஒவ்வொரு நாளும் என்பதற்கு 'ஓம்னி டியே'. இரண்டு தொடருக்கும் முதலெழுத்துகள் ஒன்றாக வாய்த்துவிட்டன. ஐரோப்பாவில் மருத்துவம் நெடுங்காலம் லத்தீனில்தான் எழுதப்பட்டது. 1618-இல் வெளிவந்த லண்டன் மருந்துநூல் லத்தீன். 1864-இல் வந்த முதல் பிரிட்டிஷ் மருந்துநூல்தான் ஆங்கிலத்துக்கு மாறியது. மருந்துகளின் பட்டியல் மாறினாலும், சீட்டில் எழுதும் கட்டளை வரியில் லத்தீன் சுருக்கங்கள் அப்படியே தங்கிவிட்டன. சீட்டின் தலையில் வளைத்துப் போடும் 'ஆர்.எக்ஸ்.' குறிகூட 'எடுத்துக்கொள்' என்று பொருள்படும் 'ரெசிப்பே' என்ற லத்தீன் வினைதான். நாளெல்லாம் நூறு சீட்டு எழுதும் கைக்கு இரண்டெழுத்து எவ்வளவு வசதி என்பது புரிகிறது. ஆனால் அந்த வசதி எழுதுபவருக்கு மட்டும்தான்.

கண்ணுக்கு வலது ஓ.டி. என்றால், இடது 'ஓ.எஸ்.', சினிஸ்டர் என்பது இடப்பக்கம். இரண்டு கண்ணுக்கும் 'ஓ.யு.'. காதுக்கும் இதே அமைப்பு உண்டு: வலது காது 'ஏ.டி.', இடது 'ஏ.எஸ்.', இரண்டும் 'ஏ.யு.'. அவசரக் கையெழுத்தில் ஓவும் ஏயும் ஒன்றாகத் தெரியும். காதுக்கான சொட்டு மருந்து கண்ணுக்குப் போவது இந்த வழியில்தான். கண் மருந்தைக் கிருமி நீக்கி, கண் தாங்கும் பக்குவத்தில் தயாரிக்கிறார்கள். காது மருந்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எனவே காதுச் சொட்டைக் கண்ணில் விட்டால் எரிச்சலோடு போகாமல் புண்ணும் ஆகலாம். அம்மாவுக்கு இரண்டு வகைச் சொட்டும் இருந்தால் புட்டியைக் கையில் எடுத்ததும் அதன் பெட்டியில் 'கண்ணுக்கு' என்று இருப்பதைப் பார்த்த பிறகே மூடியைத் திறங்கள்.

வலது என்பது எப்போதும் நோயாளியின் வலது. இது சொல்லித் தெரிய வேண்டியதா என்று தோன்றும். எதிரில் உட்கார்ந்து சொட்டு விடுகிறவருக்கு அம்மாவின் வலது கண் தன் இடது கைப்பக்கம் இருக்கும். மருத்துவர் கண்ணின் படம் வரைந்து கொடுத்திருந்தால் அதிலும் வலது கண் தாளின் இடப்பக்கம்தான் இருக்கும், நோயாளியை எதிரே பார்த்தபடி வரைவதுதான் வழக்கம். அறுவை நடந்த கண் எது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் முதல் கண்ணில் குழப்பம் வராது. சில மாதம் கழித்து இரண்டாவது கண்ணுக்கும் அறுவை நடந்து, பழைய தாளும் புதிய தாளும் ஒரே உறையில் கிடக்கும்போதுதான் மாற்றி விடுவார்கள். பழையதைத் தேதி போட்டுத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

கண்ணாடி கட்டம் எளிது. 'ஓ.டி. −1.50 −0.75 × 90' என்று இருந்தால், வலது கண்ணுக்குக் கிட்டப்பார்வைக்காக 1.50 டயாப்டர், கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாததைச் சரிசெய்யும் சிலிண்டர் பவர் 0.75, அந்தச் சிலிண்டர் நிற்க வேண்டிய கோணம் 90. கோணத்துக்கு மேலே டிகிரி வட்டம் போடாததற்கும் காரணம் உண்டு. அந்தச் சின்ன வட்டத்தைச் சுழியமாகப் படித்தால் 9 என்பது 90 ஆகிவிடும். இன்னொன்று: கண்புரை எடுத்த சில நாளில் எழுதிய பவரை நம்பிக் கண்ணாடி செய்யக் கொடுக்காதீர்கள். கண் ஆறி, பவர் நிலைக்கச் சில வாரங்கள் ஆகும். அறுவைக்கு முன் எடுத்த அளவையும் அதே கட்டத்தில் குறித்து வைப்பது உண்டு. எந்தத் தேதியில் எடுத்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி மாத்திரை. '5 மி.கி. ஓ.டி.' என்பது தினம் ஒருவேளை. எந்த வேளை என்று இந்த எழுத்துகள் சொல்லவே இல்லை, பலர் கோட்டைவிடுவது இங்கேதான். காலை என்று குறிக்க 'ஓ.எம்.', இரவு என்றால் 'ஓ.என்.', படுக்கும்போது என்றால் 'எச்.எஸ்.' என்று தனிச் சுருக்கங்கள் இருக்கின்றன. வெறும் ஓ.டி. என்றால் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை, நேரம் உங்கள் வசதி என்றுதான் பொருள். ஆனால் எல்லா மருந்துக்கும் அந்தச் சுதந்திரம் இல்லை. தைராய்டு மாத்திரைக்குக் காலை வெறும் வயிறு. சிறுநீரை அதிகப்படுத்தும் மாத்திரையை இரவில் போட்டால் தூக்கம் போச்சு, இருட்டில் எழுந்து போய் விழும் அபாயமும் சேரும், அது காலைக்கானது. கொழுப்பைக் குறைக்கும் மருந்துகளில் சிம்வாஸ்டாட்டினை இரவில் தருவார்கள், அதே குடும்பத்து அட்டோர்வாஸ்டாட்டினுக்கு எந்த வேளையும் சரி. ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபைன் உடம்பில் நெடுநேரம் நிற்கும் மருந்து, காலையோ இரவோ ஒரே நேரத்தில் போட்டால் போதும். அம்மாவின் மாத்திரை எது என்று நீங்கள் எழுதவில்லை, ஆகவே நேரத்தை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருநாள் மறந்துபோனால் மறுநாள் சேர்த்து இரண்டாகப் போட வேண்டாம்.

சீட்டில் 1-0-0 அல்லது 0-0-1 என்று காலை, மதியம், இரவு என மூன்று கட்டமாக எழுதும் வழக்கத்துக்கு என் வாக்கு எப்போதும் உண்டு. லத்தீன் தெரிய வேண்டியதில்லை, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும், ஓ.டி. சொல்லாமல் விடும் வேளையையும் சொல்லிவிடுகிறது.

அமெரிக்காவில் படித்த மருத்துவருக்கு இந்த 5 மி.கி. ஓ.டி. விநோதமாகத் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே தினம் ஒருவேளைக்குப் பழைய சுருக்கம் 'க்யூ.டி.', ஓ.டி. என்றால் வலது கண்தான். பிரிட்டனிலும் அதன் மருத்துவப் பழக்கத்தைப் பின்பற்றும் நாடுகளிலும் ஓ.டி. இரண்டு பொருளிலும் ஓடுகிறது. ஆகவே ஒரு நாட்டுச் சீட்டை இன்னொரு நாட்டில் படிக்கும்போது ஆபத்து கூடுகிறது. மருந்துப் பிழைகளைத் தொகுக்கும் அமெரிக்காவின் பாதுகாப்பான மருந்துப் பயன்பாட்டு நிறுவனம், தவிர்க்க வேண்டிய சுருக்கங்களின் பட்டியலில் ஓ.டி.யைச் சேர்த்திருக்கிறது. காரணமாக அது சொல்வது: தினம் ஒருவேளை குடிக்க எழுதிய திரவ மருந்தை வலது கண்ணில் விட்டுவிடுகிறார்கள். க்யூ.டி.யும் லேசுப்பட்டதல்ல. க்யூவின் வாலும் புள்ளியும் சேர்ந்து நடுவில் ஓர் 'ஐ' போலத் தெரிந்தால் அது 'க்யூ.ஐ.டி.' ஆகிவிடும், ஒருவேளை மருந்து நான்கு வேளையாகும். அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயிண்ட் கமிஷன், 2004-இல் வெளியிட்ட 'எழுதவே கூடாத' சுருக்கங்களில் க்யூ.டி.யைச் சேர்த்துவிட்டது. பிரிட்டனின் தேசிய மருந்துக் கையேடும் கட்டளைகளைச் சுருக்காமல் முழுதாக எழுதுவதையே விரும்புகிறது.

இவற்றையெல்லாம்விட எனக்கு அதிகம் பயம் தருவது 'ஓ.டபிள்யூ.' என்ற சுருக்கம்; வாரம் ஒருமுறை என்று பொருள். முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள் போடுவது. அதைத் தினமும் போட்டு உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் உண்டு; எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உருவாக்குவதே நின்றுபோகும். இந்த மருந்துக்கு எந்தச் சுருக்கமும் வேண்டாம், கிழமையின் பெயரையே எழுதி வாங்க வேண்டும்.

அட்டையில் பெயரோடு ஒட்டியிருக்கும் ஓ.டி.க்கு வருகிறேன். இந்தியச் சந்தையில் இப்படி வால் வைத்த பெயர் இருந்தால், பெரும்பாலும் மருந்து மெல்ல மெல்ல வெளிப்படும்படி செய்த மாத்திரை என்று பொருள். சாதாரண மாத்திரையாக இருந்தால் இரண்டு மூன்று வேளைக்குப் பிரித்துப் போட வேண்டிய அளவை ஒன்றாக அடைத்து, வயிற்றிலும் குடலிலும் மணிக்கணக்கில் கசியவிடுகிறார்கள். அதனால்தான் தினம் ஒன்று போதும் என்றாகிறது. விழுங்கச் சிரமமாக இருக்கிறது என்று அதைப் பொடித்துக் கொடுத்தால், நாள் முழுவதற்குமான மருந்து ஒரே மூச்சில் ரத்தத்தில் ஏறிவிடும். சர்க்கரை மாத்திரை என்றால் சர்க்கரை தடாலென்று இறங்கலாம். அட்டையின் பின்புறம் மெதுவாக வெளிப்படும் வகை என்று ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், எக்ஸ்.ஆர்., எஸ்.ஆர்., ஈ.ஆர். என்ற வால்களும் இதே கூட்டம். விழுங்க முடியவில்லை என்றால் உடைப்பதற்கு முன் மருத்துவரிடம் சொல்லி வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஜப்பானில் வாங்கிய அட்டையில் அதே ஓ.டி. இருந்தால் அர்த்தம் வேறு. அங்கே அது வாயிலேயே கரையும் மாத்திரை. நாக்கில் வைத்தால் சில நொடிகளில் உமிழ்நீரில் கலைந்துவிடும், விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்காகவே வந்தது. தினம் எத்தனை வேளை என்பதோடு அந்த ஓ.டி.க்கு ஒரு தொடர்பும் இல்லை. ஓர் ஊர் அட்டையில் 'கரைக்காதே', இன்னோர் ஊர் அட்டையில் 'கரையவிடு'. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் மருந்து வாங்கி அனுப்பும் வீடுகளில் இதை மறக்கக் கூடாது. மருந்துத் துறையில் இந்தக் கரையும் வகைக்கு 'ஓ.டி.டி.' என்ற மூன்றெழுத்தும் உண்டு.

இணையத்தில் நீங்கள் பார்த்த 'அளவுக்கு மீறி மருந்து எடுப்பது', அதாவது ஓவர்டோஸ், மருத்துவத் தாளிலும் வரும். வெளிநோயாளிச் சீட்டில் 'பாரசிட்டமால் ஓ.டி.' என்றால் தினம் ஒன்று. அவசர சிகிச்சைப் பிரிவின் குறிப்பில் அதே இரண்டு சொல், யாரோ பாரசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கிவிட்டு வந்திருக்கிறார் என்று சொல்லும். அடையாளம் எளிது: மருந்துச்சீட்டில் மி.கி. இருக்கும், அவசரப் பிரிவுக் குறிப்பில் அந்த இடத்தில் வேளைக் கணக்கு இருக்காது. பழைய வியாதிக் கோப்பைப் புரட்டும்போது ஓவர்டோஸ் என்று தவறாகப் படித்துக் குடும்பமே பதறிப்போவதுண்டு, அதனால்தான் சொல்கிறேன்.

கண் மருத்துவமனைக் கோப்பில் இன்னும் இரண்டு இருக்கின்றன. விழித்திரையில் பார்வை நரம்பு நுழையும் வட்டம் 'ஆப்டிக் டிஸ்க்'. பரிசோதனைக் குறிப்பில் அதையும் ஓ.டி. என்று எழுதுவோர் உண்டு. அமெரிக்காவில் பார்வைப் பரிசோதனையில் முனைவர் பட்டம் பெற்றவரின் பெயருக்குப் பின்னாலும் இதே எழுத்துகள்தான். நீங்கள் இரண்டையும் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

மருத்துவத்துக்கு வெளியே இருப்பவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். வங்கியில் ஓ.டி. என்றால் ஓவர்டிராஃப்ட், கணக்கில் இருப்பதைவிடக் கூடுதலாக ஒரு வரம்புவரை எடுக்கும் வசதி. எடுத்த தொகைக்கு, எடுத்த நாள்களுக்கு மட்டும் வட்டி. 1728-இல் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, எடின்பரோ வணிகர் வில்லியம் ஹாக் என்பவருக்கு 1,000 பவுண்டுவரை இப்படி எடுக்க அனுமதித்ததைத்தான் இதன் தொடக்கமாகக் காட்டுவார்கள். குழாய் வேலையில் ஓ.டி. வெளிவிட்டம், அதிலிருந்து சுவர்க் கனத்தின் இரு மடங்கைக் கழித்தால் உள்விட்டம். '2 அங்குலக் குழாய்' என்று விற்கும் இரும்புக் குழாயின் வெளிவிட்டம் 60.3 மில்லிமீட்டர், 2 அங்குலம் என்றால் 50.8தானே என்று அளந்து பார்த்து ஏமாறாதீர்கள். ஆய்வகத்தில் அது ஒளியடர்த்தி: 1 என்றால் பத்தில் ஒரு பங்கு ஒளி கடக்கும், 2 என்றால் நூறில் ஒரு பங்கு. லேசர் பாதுகாப்புக் கண்ணாடியில் 'ஓ.டி. 4' என்று எழுதியிருப்பது வலது கண்ணுக்கான பவர் அல்ல. அமெரிக்க ராணுவத்தின் மங்கிய ஆலிவ் பச்சை நிறத்துக்கும் இந்தப் பெயர் உண்டு.

அம்மாவின் தாளில் இன்னும் நீங்கள் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியது மூன்றுதான். வலது கண்ணில் தினம் மூன்று வேளைச் சொட்டு எந்தத் தேதிவரை, பிறகு எப்படிக் குறைப்பது. ரத்த அழுத்த மாத்திரை காலையா இரவா. அறுவைக்கு முன் போட்டுவந்த சர்க்கரை மாத்திரையை அதே அளவில் தொடரலாமா. ஒரே வேளையில் இரண்டு வகைச் சொட்டு விட வேண்டியிருந்தால் நடுவில் ஐந்து நிமிடமாவது இடைவெளி கொடுங்கள். உடனே விட்டால் முதல் சொட்டை இரண்டாவது கழுவிக்கொண்டு போய்விடும். பதில் வந்ததும் புட்டியின் மேலேயே ஒரு துண்டுத்தாளை ஒட்டி, 'வலது கண், காலை, மதியம், இரவு' என்று தமிழில் எழுதிவிடுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் சொட்டு விடப்போகிறவர் மருத்துவமனைத் தாளைத் தேடி எடுத்துப் படிக்கப்போவதில்லை.